படங்களை அடைக்கலம் வைத்தல்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சமய விஷயம் அன்று. 'இலவசப் படக் காப்பகங்கள்' என்று காரியதரிசி அவர்கள் அறிவித்தற் பலகையில் எழுதியதைக் கண்டு, 'இதைச் சங்கத்தில் வைத்துப் பேச என்ன இருக்கிறது?' என்று சிலர் கேட்டார்களாம். கேட்டது நியாயமே. ஆயினும் இம்மண்டபத்தில் இருக்கும் பெரும்பாலோரின் சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. நம் வீட்டுக் கலியாணமும், பிள்ளைகளின் ஏடு தொடக்கலும், பெரியோரின் அந்தியேட்டியும் அதன் வழியாகப் படமாகி, நாம் ஒரு நாளும் கண்டிராத தேசங்களிலுள்ள பெரிய கட்டடங்களிற் போய்த் தங்குகின்றன. அங்கே அவற்றை வைத்துக் காப்பவர்கள் நம்மிடம் ஒரு சதமும் கேட்பதில்லை. பிறர் பொருளைக் கூலியில்லாமற் காப்பவர் எதன் பொருட்டுக் காக்கிறார் என்று விசாரிப்பது நன்றிகேடு ஆகாது என்பது என் எண்ணம்.

அடைக்கலப் பொருளைப் பற்றிய கதை நமக்குப் புதியதன்று. பெரிய புராணத்திலே திருநீலகண்ட நாயனார் சரித்திரத்தை நம் அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். அவர் தில்லையில் வாழ்ந்த குயவர். அடியார்களுக்குத் திருவோடு கொடுப்பதைத் தொண்டாகக் கொண்டவர். சிவபெருமான் ஒரு யோகியாராக வந்து, தம் கையிலிருந்த ஓட்டைக் கொடுத்து, தாம் கேட்கும்போது திருப்பித் தரும்படி சொல்லிப் போனார். பின் அவர் வந்து கேட்டபோது ஓடு வைத்த இடத்தில் இல்லை. நாயனார் அதனிலும் நல்லதாக வேறோர் ஓடு தருகிறேன் என்றார். யோகியார் ஏற்கவில்லை, தாம் தந்த அதே ஓடுதான் வேண்டும் என்றார். வழக்குத் தில்லைவாழந்தணர் சபை வரைக்கும் போயிற்று.

ஓர் ஓட்டின் விலை என்ன? சந்தையிலே காற்காசு பெறாது. அப்படியிருந்தும் அது அடைக்கலமாக வைக்கப்பட்டது என்ற ஒன்றினாலேயே அந்தப் பக்தர் சபையில் நின்று பதில் சொல்ல வேண்டியவரானார். அந்த ஓட்டை அவர் வவ்விக்கொண்டார் என்று யோகியார் குற்றஞ்சாட்டினார் என்பதையும் கவனியுங்கள்.  இனி இக்காலத்து அடைக்கலக்காரரிடம் போவோம்.

2015ஆம் ஆண்டு மே மாதத்தில் கூகிள் கம்பனி 'கூகிள் போட்டோஸ்' என்னும் காப்பகத்தைத் திறந்தது. எத்தனை படமானாலும் வைக்கலாம், காசு வேண்டாம் என்றது. படங்களைச் சற்றுச் சுருக்கி வைப்போம், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்டவற்றை அந்த அளவுக்குக் குறைப்போம் என்பதே நிபந்தனை. (நம் யோகியார் இதற்கே வழக்காடியிருப்பார்: கொடுத்த ஓடு ஒன்று, திரும்பி வந்த ஓடு மற்றொன்று.) உலகம் முழுவதும் மகிழ்ந்து கொண்டுபோய்க் கொட்டியது. 2020 நவம்பரிலே அக்கம்பனி சொன்ன கணக்கின்படி, அங்கே சேர்ந்திருந்த படங்கள் 4 இலட்சம் கோடிக்கு மேல். கிழமைதோறும் புதிதாக வந்தவை 2,800 கோடி. அந்தக் கணக்கை வெளியிட்ட அறிவித்தலிலேயே இன்னொரு செய்தியும் இருந்தது. 2021 ஜூன் 1ஆந் திகதி முதல் வரும் படங்கள் 15 ஜிகாபைட் என்னும் எல்லைக்குள் அடங்க வேண்டும். மின்னஞ்சலுக்கும் மற்றைக் கோவைகளுக்கும் சேர்த்தே அந்த 15. அதற்கு மேல் வேண்டுமாயின் மாதவாரியாகப் பணம். முன்னரே சுருக்கி வைத்தவற்றை அக்கணக்கிற் சேர்க்கவில்லை என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வருடம் வாடகையின்றிக் குடியிருக்கவிட்டு, கட்டிலும் அலுமாரியும் ஆட்டுக்கல்லும் எல்லாம் வந்து சேர்ந்த பின்னர் வாடகைச் சிட்டையை நீட்டும் வீட்டுக்காரரை நாம் குறை சொல்ல முடியாது, வீடு அவருடையது. ஆனால் அவ்வளவு சாமானையும் தூக்கிக்கொண்டு வேறு வீடு தேடுபவர் எத்தனை பேர்?

பிளிக்கர் என்னும் காப்பகத்திலும் இதுவே நடந்தது. 2013இல் ஆளுக்கு ஒரு டெராபைட் இடம் இலவசம் என்றார்கள். 2018இல் அது கைமாறிற்று. அவ்வருடம் நவம்பரில், இலவசமாக வைத்திருப்போருக்கு 1,000 படம் மட்டும் என்று வரையறுத்தார்கள். புதிய உரிமையாளர் அப்போது வெளிப்படையாகச் சொன்ன காரணம் எனக்குப் பிடித்தது. பெருந்தொகையான இடத்தைச் சும்மா கொடுக்கும்போது விளம்பரக்காரருக்கு விற்கத்தக்க தரவுகள் உண்டாகின்றன. முடிவிலே படம் வைத்தவரின் நலத்தைவிட விளம்பரக்காரரின் நலமே முன்னுக்கு வந்துவிடும் என்றார்கள். கடைக்காரர் ஒருவர் தம் தொழிலின் உட்கதையைத் தாமே சொல்வது அடிக்கடி நிகழ்வதன்று.

ஆயினும் நம்மவர் இக்காப்பகங்களை நாடியதற்கு இலவசம் மட்டும் காரணமன்று. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்துச் சனங்கள் ஓரிரவிலே வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது, கையில் எடுத்தவை சில உடுப்புகளும், காணி உறுதிகளும், அடையாள அட்டைகளுமே. அல்பங்கள் அலுமாரியில் இருந்தன. திரும்பி வந்தபோது பல வீடுகளில் அலுமாரியே இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன கரையோர வீடுகளிலும் அதுவே கதை. பாட்டனார் எப்படியிருந்தார் என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட, பழைய அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்த மங்கலான ஒரு படத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எரியாத, நனையாத, ஓடும்போது தூக்கவேண்டாத ஓர் அல்பத்தை ஒருவர் தருகிறேன் என்றால், அத்தகைய வீட்டார் அதை எப்படி வேண்டாமென்பர்? இலண்டனில் இருக்கும் மகனும், ரொறன்ரோவில் இருக்கும் தமக்கையும், இங்கே இருக்கும் தாயும் ஒரே நாளில் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள். இது சிறிய உபகாரமன்று. ஆகவே, 'எல்லாம் மோசடி, எதையும் வைக்காதீர்கள்' என்று சொல்ல நான் இங்கே எழுந்து நிற்கவில்லை.

ஒரு படத்தைக் கொடுக்கும்போது எதையெல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பதை முதலில் அறிய வேண்டும். முந்திய காலத்துப் படத்தின் பின்புறத்திலே, 'சித்திரைப் பருவம், கீரிமலை' என்று பென்சிலால் எழுதி வைப்பார்கள். இக்காலத்துப் படத்தில் அந்தக் குறிப்பைக் கமராவே எழுதிவிடுகிறது: எடுத்த திகதி, மணி, நிமிடம், கருவியின் பெயர், இடங்காட்டும் வசதி திறந்திருந்தால் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. கண்ணுக்குத் தெரியாத இக்குறிப்பு படத்தோடே போகிறது. தினமும் எடுக்கும் படங்களைத் திகதி வரிசையில் அடுக்கினால், வீடு எது, வேலைத்தலம் எது, பிள்ளை போகும் பள்ளிக்கூடம் எது, வெள்ளிக்கிழமையில் எந்தக் கோயில் என்பதெல்லாம் ஒரு நாட்குறிப்புப் போலத் தெரிந்துவிடும். நாம் எழுதாத நாட்குறிப்பு அது.

இரண்டாவது, முகம். காப்பகத்தின் கணினி ஒரு முகத்தைக் கண்டால், அதன் அமைப்பை அளந்து ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. அதே மனிதரின் இன்னொரு படம் வரும்போது ஏறத்தாழ அதே எண் வரிசை வருவதால், இவரும் அவரும் ஒருவரே என்று அறிகிறது. 'அம்மா' என்று தேடியவுடன் அம்மாவின் படங்கள் எல்லாம் வந்து நிற்பதன் இரகசியம் இதுதான். வேண்டாமென்றால் அமைப்புகளுக்குள்ளே போய் இதை நிறுத்தலாம். ஆனால் நிறுத்தும் உரிமை யாருக்கு? படத்தை வைத்தவருக்கு. படத்தில் இருப்பவருக்கு அன்று. இதை நினைவில் வைத்திருங்கள். திரும்பவும் இதற்கு வருவேன்.

மூன்றாவது விஷயம் திறப்பு. 'உங்கள் படங்கள் பூட்டிப் பாதுகாக்கப்படுகின்றன' என்று எல்லாக் காப்பகங்களும் சொல்கின்றன. பெரும்பாலும் அது உண்மை. வழியிலே ஒருவர் களவெடுத்தால் அவருக்கு விளங்காதபடி அவை மறைக்கப்பட்டே போகின்றன. போய்ச் சேர்ந்த இடத்திலும் மறைத்தே வைக்கப்படுகின்றன. ஆனால் பூட்டின் திறப்பு யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி. சாதாரண இலவசக் காப்பகத்தில் அது காப்பவர் கையில் இருக்கிறது. இருந்தால்தான் முகத்தை அளக்கலாம். 'கடற்கரை' என்றால் கடற்கரையைத் தேடித் தரலாம். நாம் கடவுச்சொல்லை மறந்தாலும் திரும்பத் திறந்துவிடலாம். வேறு வகைக் காப்பகங்களும் உண்டு. அவற்றிலே படம் நம் கைத்தொலைபேசியை விட்டுப் போகுமுன்னரே பூட்டப்பட்டுவிடும். திறப்பு நம்மிடம் மாத்திரமே. 'என்டே' என்று ஒன்று இருக்கிறது. அச்சொல்லுக்கு மலையாளத்திலே 'என்னுடையது' என்று பொருள். பெயரே ஒரு பிரகடனம். ஆனால் அங்கே திறப்பைத் தொலைத்தவருக்கு உதவ எவரும் இல்லை; கம்பனிக்காரரே வந்தாலும் திறக்க முடியாது. ஆப்பிள் கம்பனியும் 2022 டிசம்பரில் இத்தகைய பூட்டைத் தன் காப்பகத்திலுள்ள படங்களுக்குத் தரத் தொடங்கிற்று. பிரித்தானிய அரசாங்கம் தனக்கும் வழி வேண்டுமென்று கேட்டதையடுத்து, 2025 பெப்ரவரியில் அந்நாட்டிலே புதிதாக எவருக்கும் அப்பூட்டைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டது. திறப்பு யார் கையில் என்பது அரசாங்கங்களும் மல்லுக்கட்டும் விஷயம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

இப்போது, வைத்த பொருளைக் காப்பவர் எடுத்தாண்ட கதையொன்றைச் சொல்கிறேன். சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவ்விஷயத்தில் உள்ள நுட்பம் முழுவதும் இந்த ஒரு வழக்கில் இருக்கிறது.

கலிபோர்னியாவிலே 'எவர்' என்று ஒரு படக் காப்பகச் செயலி இருந்தது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் பேர் அதை உபயோகித்தனர். 2017 பெப்ரவரியில், நண்பர்களின் முகங்களை இனங்கண்டு படங்களைத் தொகுத்துத் தரும் வசதியொன்றை அது கொண்டுவந்தது. நல்ல வசதிதான். ஆனால் அதே வருடம் செப்டெம்பர் முதல், வாடிக்கையாளரின் படங்களிலிருந்து இலட்சக்கணக்கான முகங்களைப் பிரித்தெடுத்து, வேறிடங்களில் கிடைத்த முகங்களோடு கலந்து, முகமறியும் இயந்திரத்துக்குப் பாடம் புகட்டத் தொடங்கியது. அப்படிக் கற்ற வித்தையை வேறு நிறுவனங்களுக்குப் பாதுகாப்புச் சாதனமாக விற்கவும் செய்தது. 2019 மே மாதத்தில் என். பி. சி. செய்தி நிறுவனம் இதை வெளியிடும்வரை, கலியாணப் படம் வைத்தவருக்கு இது தெரியாது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இதை விசாரித்து 2021 ஜனவரியில் தன் முடிவை அறிவித்தது. அதன் குற்றப்பத்திரத்திலே ஒரு வாக்கியம் என்னைச் சிந்திக்க வைத்தது. இந்தக் கம்பனி தன் வாடிக்கையாளரின் படங்களை அந்த நிறுவனங்களுக்குக் கொடுக்கவில்லை என்று ஆணைக்குழுவே அதில் எழுதியிருக்கிறது. 'உங்கள் படங்களை விற்கமாட்டோம்' என்று அவர்கள் சொல்லியிருந்தால், அது ஒருவகையில் மெய்யாகவே இருந்திருக்கும். விற்றது படத்தை அன்று, படத்திலிருந்து கற்றதை. நம் வீட்டுப் பசுவை விற்கவில்லை, பாலைத்தான் விற்றேன் என்று ஒருவர் சொல்வது போல.

இதே குற்றப்பத்திரத்தில் இன்னும் இரண்டு செய்தி. கணக்கை மூடிவிட்டால் படங்கள் அழிக்கப்படும் என்று அக்கம்பனி சொல்லிற்று. 2019 ஒக்டோபர் வரைக்குமேனும் அழிக்கவில்லை. அடுத்தது நம்மைத் தொடுவது. 2018 மே மாதத்திலிருந்து, முகமறியும் வசதி வேண்டுமா வேண்டாமா என்று சிலரிடம் மட்டும் கேட்டார்கள். யாரிடம்? இலிநோய்ஸ், டெக்சாஸ், வாஷிங்டன் என்னும் மூன்று அமெரிக்க மாநிலங்களில் வாழ்வோரிடமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வாழ்வோரிடமும். உலகத்தின் மற்றெல்லோருக்கும் அது தானாகவே திறந்திருந்தது. 2019 ஏப்ரல் வரை மூடவும் வழியில்லை. அந்த நான்கு இடத்துச் சனங்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்பதனாலா? இல்லை. அங்கெல்லாம் முகத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் சட்டம் இருந்தது.

ஆணைக்குழு பணத் தண்டம் விதிக்கவில்லை. ஆனால் படங்களை மட்டுமல்லாமல், அவற்றிலிருந்து கற்று உருவாக்கிய முகமறியும் வித்தையையும் அழித்துவிடும்படி கட்டளையிட்டது. 'எவர்' செயலி 2020 ஓகஸ்டிலேயே மூடப்பட்டுவிட்டது. கம்பனி வேறு பெயரில் முகமறியும் தொழிலைத் தொடர்ந்தது.

சட்டம் இருப்பதன் பலனுக்கு இன்னும் இரண்டு உதாரணம். இலிநோய்ஸ் மாநிலம் 2008இலேயே, சம்மதமில்லாமல் முகத்தின் அளவுகளை எடுக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. கூகிள் போட்டோஸ் முகங்களைத் தொகுத்ததைக் குறித்து அங்கே எழுந்த வழக்கை, 2022இல் கூகிள் கம்பனி 10 கோடி டாலர் கொடுக்க உடன்பட்டு முடித்துக்கொண்டது. டெக்சாஸ் மாநிலத்தோடு 2025 மே மாதத்தில் உடன்பட்ட தொகை 137 கோடி 50 இலட்சம் டாலர். அதில் முக அளவு ஒரு பகுதி, மற்றவை வேறு குற்றச்சாட்டுகள். தவறு செய்ததாகக் கம்பனி ஏற்றுக்கொள்ளவில்லை. நமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து பிற்போடப்பட்டன. சட்டம் புத்தகத்தில் இருப்பது வேறு, நீதிமன்றத்தில் நிற்பது வேறு என்று இதைப் படிக்கும் மாணவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கூகிள் கம்பனி, போட்டோஸில் உள்ள படங்களை விளம்பரத்துக்கு உபயோகிப்பதில்லை, விற்பதில்லை என்று சொல்கிறது. அதைப் பொய்யென்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வைத்த படங்களை எல்லாம் ஒரே முறையில் திருப்பி எடுத்துக்கொள்ள 'டேக்அவுட்' என்னும் வழியையும் அது தருகிறது. கேட்டபோது கொடுக்கும் அந்த ஒழுங்கில் அது பலரைவிட மேல். ஆனால் வாக்கு இன்றைய வாக்கு. இரண்டு வருடம் தொடாமல் விட்ட கணக்குகளை அழிப்போம் என்று 2023 மே மாதத்தில் புதிதாக ஒரு விதி வந்தது. கணக்கின் சொந்தக்காரர் காலமாகி, அவருடைய படங்கள் அங்கே கிடக்கும் வீட்டாருக்கு அந்த விதியின் கனம் தெரியும்.

காப்பவர் கெட்டவராக இல்லாமலே தீங்கு வரலாம் என்பதற்கும் ஒரு சம்பவம் உண்டு. சான் பிரான்சிஸ்கோவிலே 2021 பெப்ரவரியில், ஒரு தகப்பனாரின் சின்னஞ்சிறு மகனுக்கு மறைவிடத்தில் வீக்கம் கண்டது. கொள்ளைநோய்க் காலம், வைத்தியரை நேரிற் காண இயலாது. படம் எடுத்து அனுப்பும்படி தாதி சொன்னார். எடுத்தார்கள், வைத்தியர் மருந்து சொன்னார், பிள்ளை சுகமடைந்தது. ஆனால் தகப்பனாரின் கைத்தொலைபேசியிலிருந்த படம், வழக்கம் போலத் தானாகவே கூகிள் காப்பகத்துக்கும் போயிற்று. அங்கே குழந்தைகளைக் கெடுக்கும் படங்களைத் தேடும் இயந்திரம் அதைப் பிடித்தது. இரண்டு நாளில் அவருடைய கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சல், விலாசங்கள், தொலைபேசி இலக்கம், மகனின் குழந்தைப் பருவப் படங்கள் யாவும் ஒரே கதவுக்குப் பின்னால் அடைபட்டன. பொலிசார் விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்றனர். கம்பனி கணக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 2022 ஓகஸ்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை இதை வெளியிட்டது.

அந்த இயந்திரம் இருக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அதனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகளும் உண்டு. என் முறைப்பாடு வேறு. தில்லையிலே நாயனாருக்கும் யோகியாருக்கும் நடுவே வழக்குக் கேட்க ஒரு சபை இருந்தது. இந்தத் தகப்பனார் போய் நிற்க ஒரு சபை இல்லை. காப்பவரே நீதிபதி, அப்பீலையும் அவரே கேட்கிறார். காசு கொடுத்து வாங்கிய பொருளானால் ரசீதையாவது நீட்டலாம்.

இனி முன்னர் நினைவில் வைத்திருக்கச் சொன்னதற்கு வருகிறேன். இந்த விஷயத்தைப் பற்றிப் பேசுவோர் யாவரும், 'உன் அந்தரங்கம் உன் பொருள். வசதிக்காக அதை விற்கிறாயா என்பது உன் இஷ்டம்' என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ஒரு கலியாணப் படத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். அதைக் காப்பகத்தில் வைப்பவர் ஒருவர். 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்துபவரும் அவர் ஒருவரே. மற்றப் பத்தொன்பது பேரின் முகத்துக்கும் சேர்த்து அவர் கையெழுத்துப் போடுகிறார். அவர்களில் ஒருவர் கைத்தொலைபேசியே தொடாத ஆச்சியாக இருக்கலாம்; ஒருவர் இரண்டு வயதுப் பிள்ளையாக இருக்கலாம்; இன்னொருவர் தாம் எங்கே இருக்கிறார் என்பது வெளியே தெரியக்கூடாத காரணம் உடையவராக இருக்கலாம். நம் நாட்டிலே அத்தகைய காரணம் உடையவர்கள் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இது வெறும் கற்பனை அன்று. பிளிக்கர் காப்பகத்திலே யாரும் உபயோகிக்கலாம் என்று படப்பிடிப்பாளர்கள் அனுமதித்து வெளிப்படையாக வைத்த படங்களில் ஏறத்தாழ 10 கோடியை, அப்போது அதன் சொந்தக்காரராயிருந்த யாஹூ கம்பனி 2014இல் ஆராய்ச்சிக்கென்று தொகுத்துக் கொடுத்தது. அத்தொகுப்பிலிருந்து ஐ. பி. எம். கம்பனி 2019இல் ஏறத்தாழ 10 இலட்சம் முகப் படங்களை எடுத்து, முகமறியும் ஆராய்ச்சிக்கு வெளியிட்டது. வாஷிங்டன் சர்வகலாசாலை அதே தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 6 இலட்சத்து 72 ஆயிரம் பேரின் முகங்களைத் திரட்டியது. அவர்களிற் குழந்தைகளும் இருந்தனர். படம் பிடித்தவர் அனுமதித்தார் என்பது சரி. படத்தில் இருந்தவரிடம் யார் கேட்டது? அவை மூடிவைத்த படங்களல்ல, திறந்து வைத்தவை என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்று தீர்மானித்தவரும் அந்த ஒருவரே.

ஆகையினால் என் அபிப்பிராயத்தில், ஒருவர் தம் படத்தைக் கொடுத்து வசதி பெறுவது அவர் விருப்பம். பிறர் முகத்தைக் கொடுத்து வசதி பெறுவது அப்படியன்று. வீட்டுக்குள் இது பெரிய சங்கடமாகாது. தாயிடம் கேட்கலாம், தமக்கையிடம் கேட்கலாம். ஒரு சங்கம் இதைச் செய்யும்போதுதான் சிக்கல்.

நம் சங்கத்தையே எடுத்துக்கொள்வோம். சென்ற வருட விழாவின்போது எடுத்த படங்கள் ஒரு பொது அல்பமாக இலவசக் காப்பகம் ஒன்றில் இருக்கின்றன. அதன் இணைப்பு கிடைத்த எவரும், கடவுச்சொல் இல்லாமலே, அதைத் திறக்கலாம். பெற்றோர் பார்த்து மகிழட்டும் என்று நல்லெண்ணத்தோடு செய்த ஏற்பாடு அது. செய்தவரின் உழைப்பை நான் அறிவேன். அந்த அல்பத்திலே அறநெறிப் பாடசாலைப் பிள்ளைகளின் முகங்கள் நெருக்கத்தில் இருக்கின்றன. பண்ணிசைப் போட்டியில் வென்ற சிறுமியின் படத்துக்குக் கீழே அவளுடைய பெயர், வகுப்பு, பாடசாலை மூன்றும் இருக்கின்றன. இணைப்பு எத்தனை கை மாறியிருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டுமா வேண்டாமா என்று சொல்லும் வயது வரும்போது, படத்தை அழித்தாலும், அதிலிருந்து யாரேனும் கற்றுக்கொண்டதை அழிக்க முடியுமா?

நிர்வாக சபைக்கு என் விண்ணப்பம் பெரியதன்று. பிள்ளைகளைச் சேர்க்கும்போது நிரப்பும் பத்திரத்திலே, படம் எடுக்கலாமா, பொது அல்பத்தில் வைக்கலாமா என்று இரண்டு கேள்வியைத் தனித்தனியே சேர்க்க வேண்டும். வேண்டாம் என்று சொன்ன பெற்றோரின் பிள்ளை மேடையின் ஓரத்துக்குத் தள்ளப்படவும் கூடாது. பெயரையும் பாடசாலையையும் படத்தின் கீழே எழுதாமல் விடலாம். வென்றது யார் என்று ஊருக்குத் தெரியும். இடக் குறிப்பை நீக்கிவிட்டே படங்களை வெளியே விடலாம். அது ஒரு நிமிட வேலை. பொது இணைப்பை விழா முடிந்து ஒரு மாதத்தில் மூடிவிடலாம். சங்கத்தின் நிரந்தரத் தொகுப்பை, திறப்பு நம் கையில் இருக்கும் காப்பகம் ஒன்றிலே பணம் கொடுத்து வைப்பதே நல்லது என்பேன். தனாதிகாரி அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். பணம் இல்லையென்றால், இரண்டு ஹார்ட் டிஸ்க்கை வாங்கி, ஒன்றை இந்த மண்டபத்து அலுமாரியிலும் மற்றொன்றை வேறோர் ஊரில் உள்ள அங்கத்தவர் வீட்டிலும் வைப்போம். ஒரே இடத்தில் வைத்து இழந்த அனுபவம் நமக்கு இருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் 1981இல் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன. வருடத்துக்கு ஒருமுறை இரண்டையும் திறந்து, படங்கள் பழுதின்றி இருக்கின்றனவா என்று பார்க்க ஒருவர் வேண்டும். அந்த வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பழைய பொது அல்பத்தை என்ன செய்வது என்பது எஞ்சியிருக்கிறது. அதிலிருந்து தங்களுக்கு வேண்டிய படங்களை எடுத்துக்கொள்ளப் பெற்றோருக்கு இரண்டு கிழமை அவகாசம் கொடுத்து, அதன் பின் இணைப்பை மூடுவது நல்லது என்று நினைக்கிறேன். பண்ணிசைப் போட்டியில் வென்ற சிறுமியின் தாயார் இன்று பின்வரிசையில் இருக்கிறார்கள். முதலில் அவர்களிடம் கேட்போம்.